கறுப்பா இருந்தாலும்

அக்காவுக்குக் குழந்தை பிறந்த அன்று நான் முதலில் பார்த்தது குழந்தையின் காதை.

தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போனார். நான் குனிந்து, தலையை மூடியிருந்த துணியை ஒரு விரலால் மெல்ல விலக்கி, காது மடலின் மேல் விளிம்பைப் பார்த்தேன். உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. காது விளிம்பு மட்டும் பழுப்பு. அடுத்து நகக்கண். அங்கும் அதே பழுப்பு. நிமிர்ந்தால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மா. அவரும் அதே காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல், "பொம்பளப் புள்ளயாச்சே..." என்றார்.

அக்கா அரைத்தூக்கத்தில் கேட்டாள்: "பாப்பா யாரு மாதிரி இருக்கு?"

"உன்ன மாதிரிதான்" என்றேன். பொய்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காடியை ஓட்டிக்கொண்டே அதையே யோசித்தேன். எனக்கு வயது 31. என் நிறத்தோடு எனக்கு இனி எந்தச் சண்டையும் இல்லை என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிபவள். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி மேடையேறிப் பேசிக் கைத்தட்டும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவளின் விரல், பிறந்து மூன்று மணி நேரமே ஆன குழந்தையின் காதைத் தேடி எப்படிப் போனது?

காது பார்க்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை என்று பிரசவம் பார்க்கப் போய்வந்தவர்கள் குசினியில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்த படிப்பு அது. "இப்ப செவப்பாத்தான் இருக்கும். காதப் பாரு, அதுதான் நெஜ கலரு." கர்ப்பமாக இருந்தபோது அக்காவுக்கும் குங்குமப்பூப் பால் கொடுத்தார்கள். குடித்தாள். ஒரு சின்ன டப்பா குங்குமப்பூவின் விலையைக் கேட்டு மாமா மயங்கி விழாத குறை.

பிறந்தவுடன் குழந்தையின் தோலில் மெலனின் முழு அளவில் உருவாகியிருக்காது. அடுத்த சில மாதங்களில்தான் நிறம் மெல்ல நிலைக்கு வரும். ஆகவே "இப்ப செவப்பாத்தான் இருக்கும்" என்பது வரைக்கும் பெரியவர்கள் சொல்வது சரி. அவர்களுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. கறுத்த ஆளுக்கும் வெளுத்த ஆளுக்கும் தோலில் மெலனின் உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் செல்கள் செய்து தரும் மெலனின் மணிகளின் அளவிலும் வகையிலும் பரவலிலும்தான் வேறுபாடு. 2005இல் ஒரு சின்ன மீனை, வரிக்குதிரை மீன் என்பார்கள், ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் எஸ்எல்சி24ஏ5 என்னும் மரபணுவைக் கண்டார்கள். ஐரோப்பியர்களின் வெளிர் நிறத்துக்கு அந்த மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம் முக்கியமான ஒரு காரணம். அந்த மாற்றம் தெற்காசியர்களிடமும் பரவலாக உண்டு. ஒரே வீட்டில் ஒருத்திக்கு வந்திருக்கும், அவள் தங்கைக்கு வந்திருக்காது.

எங்கள் வீட்டில் அப்பா வெளுப்பு, அம்மா கறுப்பு. அக்கா அப்பாவைக் கொண்டாள். நான் அம்மாவை. மரபணுக்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் விழுந்த கணக்கு இவ்வளவுதான். ஆனால் சுங்கை பட்டாணியில் எங்கள் தாமான் வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு இது தீராத அதிசயம். "ரெண்டும் ஒரே வயித்துலதான் பொறந்துச்சா?" என்று கேட்டுவிட்டு முறுக்கைக் கடிப்பார்கள். அக்கா வெள்ளச்சி. நான் கருவாச்சி. என்னை ஆஸ்பத்திரியில் மாற்றி எடுத்து வந்துவிட்டார்கள் என்று ஒரு மாமா சொன்ன பகடியை ஏழு வயதுவரை நம்பினேன். என் உண்மையான அம்மா எங்கேயோ இருக்கிறார், அவரும் என்னைப்போல் கறுப்பாக இருப்பார் என்று படுக்கையில் கிடந்து கற்பனை செய்வேன். கறுப்பான அம்மா அடுத்த அறையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார் என்பது ஏனோ அப்போது உறைக்கவில்லை.

அம்மா எனக்கென்று தனிச்சட்டம் வைத்திருந்தார். கோப்பி குடிக்கக்கூடாது, கறுத்துவிடுவேன். அக்கா குடிக்கலாம். வலைப்பந்து விளையாடக்கூடாது, வெயில். மஞ்சள், இளம்பச்சை நிறத்தில் பஞ்சாபி உடை கூடாது, "எடுக்காது". சனிக்கிழமை தோறும் கடலைமாவும் தயிரும் எலுமிச்சையும் கலந்து முகத்தில் பூசி, காயும்வரை பேசாமல் உட்கார வேண்டும். பேசினால் வெடிக்கும். என் குழந்தைப் பருவத்துச் சனிக்கிழமைகளில் பாதியை வாயை மூடிக்கொண்டே கழித்தேன்.

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது விளையாட்டு நாடகம் போட்டார்கள். கிருஷ்ணன் கதை. கிருஷ்ணன் என்றாலே கறுப்பன் என்று பொருள் என டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். அதனால் எனக்குத்தான் அந்த வேடம் என்று நினைத்து முதல் நாள் ஒத்திகைக்கு மயிலிறகோடு போனேன். வகுப்பிலேயே வெளுப்பான பையனைத் தேர்ந்தெடுத்து அவனுக்கு நீலச்சாயம் பூசினார்கள். எனக்குப் பூதகி. சாயச் செலவு மிச்சம் என்று ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரிடம் சொல்லிச் சிரித்தார். பூதகியாக நான் நன்றாகவே நடித்தேன். செத்து விழும் இடத்தில் மண்டபமே கைத்தட்டியது.

அன்று இரவு பாட்டியிடம் அழுதேன். அம்மாவின் அம்மா. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்னது: "கறுப்பே அழகு, காந்தலே ருசி. போய்த் தூங்கு."

பழமொழியாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பானையின் அடியில் ஒட்டிக் கருகிய சோற்றைச் சுரண்டித் தின்றவர்களுக்குத்தான் காந்தலின் ருசி தெரியும். பாட்டி தின்றவர். ஆனால் வளர வளர எனக்கு அந்தப் பழமொழியின் மேல் ஒரு சந்தேகம் வந்தது. காந்தல் வேண்டும் என்று யாரும் சோறு வடிப்பதில்லை. தவறிப் பிடித்துவிட்டால், வீணாக்க மனமில்லாமல், ருசி என்று சொல்லிக்கொள்கிறோம். வெள்ளையே அழகு என்று எந்தப் பாட்டியும் பழமொழி சொல்லவில்லை. அழுகிறவளைத் தேற்றத்தான் பழமொழி தேவைப்படுகிறது.

பாட்டி கறுத்தது வெயிலில் இல்லை. இதையும் நான் பின்னால்தான் யோசித்தேன். கித்தாக் காடு நிழல் காடு. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். வெயில் ஏறும்போது பாலெடுத்து முடித்து நிறுவைக்கு வந்துவிடுவார்கள். "வெயில்ல அலஞ்சதுல கறுத்துட்டோம், எங்க தாத்தாவெல்லாம் நல்ல செவப்பு" என்று எங்கள் குடும்பத்தில் சொல்லப்படும் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. கறுப்பாகவே கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். வந்த இடத்தில் ஏணி நேரடியாகக் கண்ணில் தெரிந்தது. மேட்டில் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை. அதற்குக் கீழே கிராணி. பல தோட்டங்களில் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தாராகவோ இருப்பார். பிறகு கங்காணி. அப்புறம் லயத்தில் நாங்கள். நிறம் பார்க்கும் புத்தியைத் துரைமார்தான் நமக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். அது ஊரிலிருந்து மூட்டையோடு வந்தது. சாதியோடு சேர்த்துக் கட்டி வந்தது. தோட்டம் அதற்கு ஒரு மேடு அமைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்து எல்லையில் கருப்பர் இருந்தார். அரிவாளோடு, பெரிய மீசையோடு. பாட்டி அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைத்து, என் அம்மாவுக்கு நல்ல செவப்பாக ஒரு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம். கருப்பரும் அமைத்துக் கொடுத்தார்.

என்னை இத்தனை வருடம் உறுத்திய சொல் கறுப்பு அல்ல என்று இப்போது தோன்றுகிறது. கருவாச்சி என்று பாட்டி கூப்பிட்டபோது வலிக்கவே இல்லை. உறுத்தியது அதற்குப் பின்னால் வரும் சொல். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." "கறுப்பா இருந்தாலும் நல்லாப் படிப்பா." "கறுப்பா இருந்தாலும் நல்ல கொணம்." இருந்தாலும். ஒருத்தியைப் பாராட்டத் தொடங்கும்போதே அவளுக்காக மன்னிப்புக் கேட்டுவிடும் சொல். என்னைப் பாராட்டிய எல்லாரும் முதலில் ஒரு படி கீழே இறங்கி, அப்புறம் என்னைக் கைதூக்கி மேலே ஏற்றினார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே பாராட்டத்தான் வந்தார்கள்.

பாரம் ஐந்து படிக்கும்போது, பதினேழு வயதில், அந்த இருந்தாலும் இல்லாமல் ஒரு நாளாவது வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. பாசார் மாலாமில் பதினைந்து வெள்ளிக்கு இரண்டு சின்ன டப்பாக்கள் வாங்கினேன். பகலுக்கு வெள்ளை, ராத்திரிக்கு மஞ்சள். தயாரித்தவர் பெயரும் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. முதல் வாரம் தோல் உரிந்தது. இரண்டாம் வாரம் பளபளத்தது. மூன்றாம் வாரம் அம்மா என் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, "என்னடி பண்ணுன?" என்று கேட்டார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எஸ்பிஎம் தேர்வில் ஏழு ஏ வாங்கியபோதும் அந்தச் சந்தோஷம் இல்லை. ஆறாம் வாரம் கன்னமெல்லாம் சிவந்து எரியத் தொடங்கியது. வெயிலில் நிற்க முடியவில்லை. பூசுவதை நிறுத்தினேன். முன்பிருந்ததைவிடக் கறுத்த திட்டுகள் இரண்டு கன்னத்திலும் வந்து ஒரு வருடத்துக்கு மேல் போகாமல் கிடந்தன.

அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம் நாட்டில் விற்கும் எந்த அழகுசாதனமும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் பதிவாகி அறிவிப்பு எண் பெற்றிருக்க வேண்டும். கள்ளத்தனமாகக் கலப்படம் செய்து மாட்டிக்கொண்ட பூச்சுகளின் பெயர்களை அந்த நிறுவனம் அவ்வப்போது வெளியிடும். அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் மூன்று பெயர்கள் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின். பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கும். பூசுகிறவரோடு அது நிற்பதில்லை. ஒரே துண்டைப் பயன்படுத்துகிறவர், பூசிய கை தூக்கும் குழந்தை என்று வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். வளரும் மூளைக்கு அது ஆகாது. பாதரசத்துக்காகவே மினமாட்டா ஒப்பந்தம் என்று ஓர் உலக ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வெப்பமானிகளோடும் மின்கலங்களோடும் சேர்த்து வெளுக்கவைக்கும் பூச்சுகளையும் எழுத வேண்டியிருந்தது.

அதே 2017இல்தான் நான் அந்த மேடையில் பேசினேன். நோன்புப் பெருநாளை ஒட்டி நம் நாட்டில் அழகுசாதனக் கடை நிறுவனம் ஒன்று ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. பழைய மலாய்க் கதையைத் தழுவியது. நடிகையின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். கறுப்பாக இருக்கும்வரை வேண்டாதவள், வெளுத்தால் அழகி. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துச் சிங்கப்பூரில் மின்னணுக் கட்டணச் சேவை விளம்பரம் ஒன்றில் ஒரு சீன நடிகரின் தோலைக் கறுப்பாக்கி, அவருக்கு இந்தியப் பெயர் அட்டை மாட்டி நிற்கவைத்தார்கள். அங்கும் அதே எதிர்ப்பு, அதே மன்னிப்பு.

2017இல் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் போட்டோம். நான் ஆவேசமாகப் பேசினேன். நம்மைப் பார்த்து ஈத்தாம் என்கிறார்கள், கெலிங் என்கிறார்கள், நம் பெயரைக் கேட்டதும் வாடகை அறை காலியில்லை என்கிறார்கள் என்றேன். எல்லாம் உண்மை. அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது சித்தி வந்திருந்தார். தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். "புள்ள தங்கமான புள்ள. ஆனா கறுப்பு. வேணாம்னுட்டோம்." எல்லாரும் தலையாட்டினார்கள். மேடையில் பேசிய நானும் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வெளியில் இருக்கிறவன் சொன்னால் இனவாதம், சித்தி சொன்னால் குடும்ப விஷயம்.

பேச்சால் மாறாத ஒன்று எனக்கு ஒரு புகைப்படத்தில் மாறியது. அதே ஆண்டு நண்பர்கள் எட்டுப் பேர் ஓர் இரவு பினாங்குக் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டோம். வழக்கம்போல் எல்லார் முகமும் தெரிந்தது, எனக்குக் கண்ணும் பல்லும் மட்டும். "சிரி, அப்பத்தான் தெரியும்" என்ற பகடிக்குப் பள்ளியிலேயே பழகியிருந்தேன். எடுத்தவள் என் சீனத் தோழி, படமெடுப்பதில் பைத்தியம். திரையைப் பார்த்துவிட்டு, "சாரி லா, தப்பா எடுத்துட்டேன்" என்றாள். கைப்பேசித் திரையில் என் முகத்தின் மேல் விரலை வைத்துத் தட்டினாள். திரை முழுக்க வெளிச்சம் மாறியது. என் முகம் வந்தது. கன்னத்து எலும்பு, மூக்கின் வளைவு, கழுத்தோரம் பட்டிருந்த விளக்கின் மஞ்சள், எல்லாம் வந்தன. மற்ற ஏழு பேரும் கொஞ்சம் வெளிறிப் போனார்கள். "இப்ப சரி" என்றாள்.

கறுப்பு அழகு என்று அவள் சொல்லவில்லை. கருவி யாருக்காக வெளிச்சத்தை அளக்கிறது என்று காட்டினாள். அப்புறம் தேடிப் படித்தேன். 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு ஓர் அட்டை அனுப்பியது. ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களில் முகங்கள் கரிக்கட்டையாக இருப்பதற்கு நாம் மட்டும் காரணம் இல்லை. இருபத்து மூன்று வருடங்களாக நான் என் முகம் என்று நம்பிக்கொண்டிருந்தது தப்பாக எடுத்த படம்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதாக நானும் நினைத்தேன். மஞ்சளில் சேலை எடுத்தேன். கோப்பி குடித்தேன். அக்காவின் கல்யாணத்தில் ஒப்பனைக்காரர் என் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த பூச்சை முகத்தில் அப்பியபோது, எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தேன். எனக்கு வரன் பார்க்க அம்மா எழுதிய விவரத்தாளில் 'நிறம்: மாநிறம்' என்று இருந்ததைப் பார்த்துச் சண்டை போட்டேன். "ஏம்மா பொய் எழுதுறீங்க? கறுப்புன்னு எழுதுங்க." அம்மா எழுதவில்லை.

அந்தச் சண்டையில் எனக்கு ஒரு தோல்வி காத்திருந்தது. சங்கப் பாடல்களைப் படிக்கத் தொடங்கிய நாட்களில் மாமை என்ற சொல் கண்ணில் பட்டது. தலைவியின் அழகான நிறத்துக்குப் பெயர் அது. மாந்தளிரின் நிறம் என்பார்கள். மா என்பதற்குக் கருமை என்ற பொருளும் உண்டு. மாயோன் கருநிறக் கடவுள். பிரிவுத் துயரில் அந்த மாமை அழிந்து உடம்பு வெளிறிப் போவதற்குப் பெயர் பசலை. அதாவது பெண்ணின் தோல் வெளுப்பதை நோயாகப் பார்த்திருக்கிறார்கள். மாமை போய்விட்டதே என்று தலைவி வருந்துகிறாள், தோழி வருந்துகிறாள். சங்க காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பாடல்களைப் பாடியவர்களுக்கும் வேறு கணக்குகள் இருந்திருக்கும். ஆனால் அம்மா எழுதிய மாநிறம் ஒருவகையில் சரிதான். அவருக்கே தெரியாமல் சரி.

இப்படியெல்லாம் தேறி வந்தவளின் விரல்தான் அன்று காது மடலைத் தேடிப் போனது.

பிரசவத்துக்குப் பிறகு அக்கா அம்மா வீட்டில்தான் இருந்தாள். குழந்தையின் நிறம் மூன்றாம் வாரத்தில் வரத் தொடங்கியது. எங்கள் நிறம். அம்மாவின், என்னுடைய நிறம். ஒரு சனிக்கிழமை நான் போனபோது குசினியில் கிண்ணத்தில் கடலைமாவும் தயிரும் கரைத்து வைத்திருந்தது. எனக்கு அந்த வாசமே போதும், வாய் தானாக மூடிக்கொண்டது.

"யாருக்கும்மா இது?"

"பாப்பாவுக்குத்தான். லேசா தேச்சு ஊத்துனா..."

"ஒரு மாசம் ஆவலம்மா அதுக்கு!"

குரல் உயர்ந்துவிட்டது. அக்கா எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்துச் சிங்கியில் கொட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டார். சமாதானம் சொல்லலாம் என்று பின்னாலேயே போனேன். கண்ணாடி மேசையில், விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் திறந்தேன். மஞ்சள் பூச்சு. பெயரில்லை, எண்ணில்லை. பாதி தீர்ந்திருந்தது.

அம்மாவுக்கு அப்போது வயது 58.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் வாயெடுத்தேன். குரல் உடைந்துவிட்டது.

"பழக்கமாயிருச்சு" என்றார். கொஞ்சம் நேரம் விட்டு, "தொட்டில் போடுற அன்னிக்குப் போட்டோ எடுப்பாங்கல்ல" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். அவரைப் பெண் பார்க்க மூன்று குடும்பம் வந்து போனதாம். யாரும் காரணம் சொல்லவில்லை, காரணம் எல்லாருக்கும் தெரியும். நான்காவதாக அப்பா குடும்பம். பொண்ணு கறுப்பா இருந்தாலும் குடும்பம் நல்ல குடும்பம் என்று சொல்லி, பேசியதற்கு மேல் இரண்டு பவுன் கூடுதலாகக் கேட்டார்களாம். பால்மரம் வெட்டிய பாட்டி அந்த இரண்டு பவுனைக் கடன் வாங்கிப் போட்டார். அடைக்க மூன்று வருடம் ஆனது. இருந்தாலும் என்ற சொல்லுக்கு விலை இரண்டு பவுன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீ பொறந்தப்ப உன் காதப் பாத்தேன்டி" என்றார் அம்மா. "பாத்துட்டு அழுதேன். நர்ஸு சந்தோஷத்துல அழுவுறேன்னு நெனச்சுட்டா."

என் வாயை மூடவைத்த அத்தனை சனிக்கிழமைகளும் என்ன என்று அந்த நிமிடம் புரிந்தது. என் முகம் அவருக்குப் பிடிக்காமல் இல்லை. அவருக்கு நடந்தது எனக்கு நடந்துவிடக்கூடாது. அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி கடலைமாவு. புரிந்ததால் அது நியாயமாகிவிடவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் வைத்துக்கொள்ள வேண்டும்.

டப்பாவை ஒரு பையில் கட்டித் தனியாக எடுத்து வைத்தேன். திங்கட்கிழமை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். சிறுநீரகத்தில் குறையில்லை, பூச்சை இனித் தொடவேண்டாம் என்றார் மருத்துவர். வீட்டில் இருந்த துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் மாற்றினோம். குழந்தையைத் தூக்குமுன் கைகழுவச் சொன்னபோது அம்மா முறைத்தார். கழுவினார்.

பூச்சை நிறுத்தியதும் முதல் சில வாரங்கள் அவர் முகம் திட்டுத் திட்டாகக் கறுத்தது. எனக்குத் தெரிந்த திட்டுகள். அந்த முகத்தோடு தொட்டில் போடும் நாளில் படத்துக்கு நிற்கமாட்டேன் என்று குசினியிலேயே இருந்துகொண்டார். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு பின்வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். மாலை வெயில் சாய்ந்து வந்தது. என் கைப்பேசியை எடுத்தேன். முகத்தைத் தானாக வெளுக்கவைக்கும் வசதி ஒன்று அதில் இருக்கிறது, வாங்கிய நாளிலேயே அணைத்துவிட்டேன். அம்மாவின் முகத்தின் மேல் விரலை வைத்துத் தட்டினேன். பின்னாலிருந்த சுவர் வெளிறியது. அம்மா வந்தார். குழந்தை வந்தது. திட்டுகளும் வந்தன.

காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"கறுப்பா இல்ல?" என்றார்.

"கறுப்பாத்தாம்மா இருக்கீங்க. பாப்பாவும்."

"ம்." மறுபடி பார்த்தார். "நல்லா வந்திருக்கு. கறுப்பா இரு..." என்று தொடங்கியவர், குழந்தை சிணுங்கவும் நிறுத்திவிட்டு அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார்.

குடும்பக் குழுவில் இன்னும் அதைப் போடவில்லை. அழிக்கவும் இல்லை.